ரயில் லேட்டானால் ஒரு நிறம், வெயில் கூடினால் ஒரு நிறம்: கோடு போட்ட கம்பளி மஃப்ளர் பின்னுவது எப்படி?

ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் பக்கத்து ஊரில் இருந்து தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வரும் ஒரு பெண். அலுவலக வேலை. ஒரு வழிப் பயணம் சுமார் 40 நிமிஷம். 2018ஆம் ஆண்டு முழுக்க அவர் ஒரு காரியம் செய்தார். வேலை நாட்களில் கம்பளி நூலை எடுத்து இரண்டே இரண்டு வரிசை பின்னுவார். அன்றைக்கு ரயில் தாமதம் ஐந்து நிமிஷத்துக்குள் இருந்தால் அடர் சாம்பல் நிற நூல். ஐந்து முதல் 30 நிமிஷம் வரை என்றால் பிங்க். 30 நிமிஷத்தைத் தாண்டினாலோ, போகும்போதும் வரும்போதும் சேர்த்து லேட்டானாலோ சிவப்பு.

வருஷம் முடிந்தது. கழுத்தில் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு ஒரு மஃப்ளர் தயார். 2019 ஜனவரியில் அவருடைய மகள் அதன் படத்தை ட்விட்டரில் போட்டார். அவ்வளவுதான், வைரல். ஆண்டின் தொடக்கத்தில் சாம்பலும் பிங்க்குமாக ஓரளவு அமைதியாகப் போகும் கோடுகள், கோடை விடுமுறை வாரங்கள் வரும் இடத்தில் ஒரேயடியாகச் சிவந்துவிடுகின்றன. தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவிட்டு மாற்றுப் பேருந்து விட்ட வாரங்கள் அவை. 40 நிமிஷப் பயணம் இரண்டு மணி நேரமாக நீண்ட நாட்கள்.

பிறகு அந்த மஃப்ளர் இபே தளத்தில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 7,550 யூரோ. அந்தப் பணம், ரயில் நிலையங்களில் பயணிகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் உதவும் தொண்டு அமைப்புக்குப் போனது.

"ரயில் தினமும் லேட்டுங்க" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கேட்பவர் "ஆமா, என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்கப் போய்விடுவார். அதே புகாரை நிறமாக்கி, வரிசை வரிசையாக அடுக்கி, இழுத்துக் காட்டியபோது உலகமே நின்று பார்த்தது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த மாதிரி ஒரு மஃப்ளரைப் பின்ன பெரிய திறமை எதுவும் தேவையில்லை. பின்னல் கற்றுக்கொள்ளும் யாரும் முதல் நாள் பழகும் ஒரே ஒரு தையல் போதும். மீதியை நிறம் பார்த்துக்கொள்ளும்.

முதலில், பின்னல் என்றால் என்ன?

தறியில் நெய்யும் துணியில் பாவு, ஊடு என்று இரண்டு நூல் வரிசைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். பின்னல் அப்படி இல்லை. ஒரே நூல்தான். அது கண்ணி கண்ணியாக வளைந்து, ஒவ்வொரு கண்ணியும் கீழே இருக்கும் கண்ணிக்குள் இருந்து எட்டிப் பார்க்கிறது. உங்கள் டி-ஷர்ட்டை எடுத்து போன் கேமராவில் ஜூம் செய்து பாருங்கள். 'வி' வடிவக் கண்ணிகள் அடுக்கடுக்காகத் தெரியும். திருப்பூரில் தயாராகும் பனியனும் அதே பின்னல்தான். 'பின்னலாடை' என்ற பெயரே அதனால்தான். அங்கே ஆயிரக்கணக்கான ஊசிகளோடு வட்டமாகச் சுழலும் மெஷின் செய்வதை, இங்கே இரண்டு ஊசிகளோடு நம் கை செய்கிறது. கோடு போட்ட டி-ஷர்ட்டுக்கும் அதே கதை: மெஷினுக்குள் போகும் நூலின் நிறத்தை மாற்றினால் துணியில் கோடு விழும்.

ஒரே நூல் என்பதால் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. துணி நன்றாக இழுபடும், கழுத்துக்கு இதமாக வளையும். ஆனால் நடுவில் ஒரு கண்ணி ஊசியை விட்டு நழுவினால், ஏணிப்படி மாதிரி கீழே வரை பிரிந்துகொண்டே போகும். பயப்பட வேண்டாம். பிரிவது எளிது என்பதால் திருத்துவதும் எளிது. தப்பாகப் போன பத்து வரிசையை ஒரு நிமிஷத்தில் உருவிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். நூல் வீணாகாது.

குரோஷாவும் இதுவும் ஒன்றா என்று பலர் கேட்பார்கள். இல்லை. குரோஷாவுக்கு நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசி. எப்போதும் பெரும்பாலும் ஒரு கண்ணிதான் அதில் இருக்கும். பின்னலுக்கு இரண்டு நீள ஊசிகள். வரிசை முழுக்க உள்ள கண்ணிகள் ஊசியிலேயே காத்திருக்கும்.

என்ன வாங்க வேண்டும்?

5 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு ஜோடி ஊசி. மூங்கில் ஊசி கிடைத்தால் நல்லது. உலோக ஊசியில் கண்ணிகள் வழுக்கிக்கொண்டு ஓடும், புதிதாகக் கற்பவருக்கு அது தலைவலி. நடுத்தரக் கனமுள்ள நூல், 100 கிராம் பந்தில் சுமார் 200 மீட்டர் வருவது மாதிரி, இரண்டு பந்து. நுனி மழுங்கிய பெரிய கண் உள்ள தையல் ஊசி ஒன்று. கத்தரிக்கோல். முடிந்தது.

நூல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர் கடைகளில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அதாவது செயற்கை இழை. தப்பில்லை; விலை குறைவு, மெஷினில் துவைக்கலாம், பழகுவதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் ஆட்டு ரோமத்தில் இருந்து வந்த கம்பளி என்று சொல்லி அதிக விலை கேட்டால் ஒரு சின்ன சோதனை செய்யலாம். ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் வைத்து எரித்துப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் என்றால் உருகி, ஆறியதும் கெட்டியான மணி மாதிரி நிற்கும்.

அசல் கம்பளிக்கு ஒரு குணம் உண்டு. ரோமத்தில் இயற்கையாகவே சுருள் இருப்பதால் நூல் ரப்பர் மாதிரி கொஞ்சம் இழுபட்டுத் திரும்பும். கை சீராக இல்லாத புதியவரின் தப்புகளை அந்த நெகிழ்வு மறைத்துவிடும். பருத்தி நூல் அப்படி விட்டுக்கொடுக்காது. இறுக்கமான கண்ணி இறுக்கமாகவே தெரியும். அதேபோல முதல் முயற்சிக்குக் கறுப்பு நூலும் புசுபுசு நூலும் வேண்டாம். கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

ஒரே தையல், இரு பக்கமும்

முதல் கண்ணி ஒரு சுருக்கு முடிச்சு. அதன் பிறகு ஊசியில் கண்ணிகளை ஏற்ற வேண்டும். 'காஸ்ட் ஆன்' என்பார்கள். இந்த ஒரு கட்டத்தை மட்டும் எழுத்தில் படித்துக் கற்பது கஷ்டம். யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்தால் கை பிடித்துக்கொள்ளும். 36 கண்ணி ஏற்றுங்கள். சுமார் 20 சென்டிமீட்டர் அகலம் வரும்.

இனி 'நிட்' தையல். கண்ணிகள் உள்ள ஊசி இடது கையில், காலி ஊசி வலது கையில். இடது ஊசியின் முதல் கண்ணிக்குள் வலது ஊசியை முன்னால் இருந்து பின்னால் நுழையுங்கள். பின்பக்கம் தொங்கும் நூலை வலது ஊசி நுனியில் ஒரு சுற்று சுற்றுங்கள். அந்தச் சுற்றை மட்டும் கண்ணி வழியாக முன்னால் இழுத்து எடுங்கள். வலது ஊசியில் ஒரு புதுக் கண்ணி வந்துவிட்டது. பழைய கண்ணியை இடது ஊசியில் இருந்து நழுவ விடுங்கள். வரிசை முடியும் வரை இதே. முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு திரும்பவும் இதே.

எல்லா வரிசையும் 'நிட்' ஆகவே பின்னினால் வருவதற்கு கார்ட்டர் ஸ்டிட்ச் என்று பெயர். பார்க்க மேடும் பள்ளமுமாக இருக்கும். "டி-ஷர்ட் மாதிரி வழவழன்னு வேணுமே" என்று தோன்றலாம். அங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு வரிசை நிட், அடுத்த வரிசை அதன் தலைகீழான பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் வழவழப்பான துணி வரும். ஆனால் அது தட்டையாக நிற்காது. ஓரங்கள் உள்நோக்கிச் சுருண்டு, ஒரு மீட்டர் பின்னி முடிக்கும்போது மஃப்ளருக்குப் பதில் ஒரு குழாய் கையில் இருக்கும். காரணம் எளிது. அந்தத் துணியில் 'வி' முகங்கள் எல்லாம் ஒரு பக்கமும், மேடுகள் எல்லாம் மறுபக்கமும் ஒதுங்கிவிடுகின்றன. இழுவிசை ஒரு பக்கமாகச் சாய்கிறது. பழைய டி-ஷர்ட்டின் கீழ் ஓரத்தை வெட்டினால் சுருள்வதும் இதனால்தான். கார்ட்டர் ஸ்டிட்சில் ஒரு வரிசையின் மேடு முன்னால், அடுத்ததன் மேடு பின்னால். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். மஃப்ளர் படுத்த படுக்கையாக நிற்கும்.

ஏன் எப்போதும் இரண்டு வரிசை?

மியூனிக் பெண் தினமும் இரண்டு வரிசை பின்னினார் என்று பார்த்தோம். மூன்று ஏன் இல்லை, ஒன்று ஏன் இல்லை?

வலது ஓரத்தில் நூலோடு கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை முடிந்தால் நூல் இடது ஓரத்தில் இருக்கும். இரண்டாவது முடிந்தால் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும். அதாவது போய் வர இரண்டு. அங்கே அந்த நிறத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் காத்திருக்கும் அடுத்த நிறத்தை எடுத்துக்கொள்ளலாம். பழைய நூலை வெட்டவே வேண்டாம். ஓரத்தில் புது நூலோடு ஒரு தடவை முறுக்கிவிட்டு மேலே ஏற்றிக்கொண்டே போகலாம். மூன்று வரிசையில் நிறம் மாற்றினால் பழைய நூல் எதிர் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். வெட்டத்தான் வேண்டும். வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு வால்.

இன்னொரு காரணம் அழகு. கார்ட்டர் ஸ்டிட்சில் நிறம் மாறும் வரிசை ஒரு பக்கம் கத்தியால் கீறியது போல நேர்க்கோடாகத் தெரியும். மறுபக்கம் இரண்டு நிறமும் புள்ளி புள்ளியாகக் கலந்து தெரியும். எப்போதும் ஒரே பக்கத்தில் நிறம் மாற்றினால் அந்த நேர்க்கோடு பக்கம் முழுக்க முன்பக்கமாக அமையும். இரண்டின் மடங்கில் போனால் இது தானாக நடக்கும். முன்பக்கம் எது என்று மறக்காமல் இருக்க ஒரு சேஃப்டி பின் குத்தி வைத்தால் போதும்.

நிறத்தை நூலே மாற்றினால்?

நிறம் மாற்றுவதே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 'செல்ஃப் ஸ்ட்ரைப்பிங்' நூல். ஒரே பந்து, பின்னப் பின்ன, மஞ்சள் முடிந்து பச்சை, பச்சை முடிந்து நீலம் என்று கோடுகள் தானாக விழும். பார்ப்பவர்கள் "எப்படி இவ்ளோ கலர் மாத்தினீங்க" என்று கேட்பார்கள். பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

இதன் ரகசியம் சாயம் போடும் இடத்தில் இருக்கிறது. நூலைப் பெரிய சுற்றாகச் சுற்றி, ஒவ்வொரு பல மீட்டர் நீளத்துக்கும் ஒரு நிறம் ஏற்றுகிறார்கள். ஒரு வரிசை பின்ன, அதன் அகலத்தைப்போல மூன்று, நான்கு மடங்கு நூல் செலவாகும் என்பது தோராயக் கணக்கு. 20 சென்டிமீட்டர் அகல மஃப்ளர் என்றால் ஒரு வரிசைக்கு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். அப்போது நாலேகால் மீட்டர் நீளம் ஒரே நிறம் இருந்தால் ஆறு வரிசைக் கோடு. இதையே 40 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பின்னினால் மூன்றே வரிசை. பந்தின் மேல் ஒட்டியிருக்கும் படத்தில் பட்டை பட்டையாக இருந்த கோடு, உங்கள் கையில் மெல்லிய கீற்றாக வருவதற்கு இதுதான் காரணம். அந்தப் படம் பெரும்பாலும் காலுறையைப் பின்னி எடுத்தது. காலுறை ஒடுக்கம், கோடு தடிமன். ஆகவே தடித்த கோடு வேண்டுமா, மஃப்ளரை ஒடுக்குங்கள்.

சில பந்துகளில் நிறம் சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை மாறும். அது வேறு வகை. அதில் கோடு விழாது. திட்டுத் திட்டாகத்தான் வரும். கடையில் வாங்கும்போது நூலை ஒரு முழம் உருவிப் பார்த்து, ஒரு நிறம் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள்.

ஜப்பானின் நோரோ நிறுவன நூல்கள் இந்த விஷயத்தில் பின்னல்காரர்களிடையே ஒரு தனிப் பெயர். நிறங்கள் சட்டென்று மாறாமல், சாயங்கால வானம் மாதிரி மெல்லக் கரைந்து அடுத்ததற்குப் போகும். அமெரிக்க டிசைனர் ஜேரட் ஃப்ளட் அந்த நூலில் ஒரு எளிய தந்திரத்தைப் பிரபலமாக்கினார். வேறு வேறு நிறக் கலவையில் இரண்டு பந்து எடுத்து, இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். ஒவ்வொரு பந்தும் தன் போக்கில் நிறம் மாறிக்கொண்டே போவதால் எந்த இரண்டு கோடும் ஒன்றுபோல் இருக்காது. உலகம் முழுக்க இதைப் பின்னியவர்களைக் கணக்கெடுக்கவே முடியாது. இதற்கும் இரண்டு வரிசைக் கணக்குதான்.

தவறிப்போய் பிறந்த பிரபலம்

கோடு போட்ட மஃப்ளர்களில் உலகப் புகழ் பெற்றது எது என்றால், சந்தேகமே இல்லாமல் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் டாம் பேக்கர் அணிந்ததுதான். 1974ல் அவர் நாயகனாக வந்தபோது, உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் அச்சிசன் பல நிறங்களில் நூல் வாங்கி பெகோனியா போப் என்ற பின்னல்காரரிடம் கொடுத்தார். தேவையானதைவிட மிக அதிகமான நூல். அவரோ கொடுத்தது எல்லாவற்றையும் பின்னி முடித்துவிட்டார். ஆளைவிட இரு மடங்குக்கும் மேல் நீளமாக, தரையைக் கூட்டிக்கொண்டு வந்த அந்த மஃப்ளரைப் பார்த்துவிட்டு, வெட்ட மனமில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அது அந்தப் பாத்திரத்தின் அடையாளமாகவே மாறிப்போனது. அதுவும் வெறும் கார்ட்டர் ஸ்டிட்ச். அச்சிசன் பின்னாளில் உடை வடிவமைப்புக்காக மூன்று ஆஸ்கர் வாங்கினார். ஆனால் ரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்து இன்றும் நகலெடுப்பது இந்த மஃப்ளரைத்தான்.

வெயிலைப் பின்னியவர்கள்

ரயில் தாமதத்தைப் பின்ன முடியும் என்றால் வெப்பநிலையைப் பின்ன முடியாதா? மியூனிக் மஃப்ளருக்கு முன்பே அதைச் செய்தார்கள்.

ஒரு நாளின் வெப்பநிலைக்கு ஒரு நிறம், ஒரு நாளுக்கு ஒரு வரிசை என்று வருஷம் முழுக்கப் பின்னும் 'டெம்பரேச்சர் பிளாங்கெட்' பின்னல்காரர்களிடையே பழைய பழக்கம். பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகக் காலநிலை விஞ்ஞானி எல்லி ஹைவுட் இதை நாளில் இருந்து ஆண்டுக்கு மாற்றினார். ஆண்டுக்கு ஒரு கோடு என்று உலக வெப்பநிலையை குரோஷாவில் போர்வையாகப் பின்னினார். அது 2017. அடுத்த ஆண்டு மே மாதம், அதே பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் கணினியில் வரைந்து வெளியிட்ட 'வார்மிங் ஸ்ட்ரைப்ஸ்' உலகம் முழுக்கப் பரவியது. எண் இல்லை, அச்சு இல்லை, விளக்கம் இல்லை. நீலக் கோடுகள் குளிர்ந்த ஆண்டுகள், சிவப்பு சூடான ஆண்டுகள். இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போனால் நீலம் தேய்ந்து, கடைசியில் அடர் சிவப்பில் போய் முட்டுகிறது. 'ஷோ யுவர் ஸ்ட்ரைப்ஸ்' என்ற இணையதளத்தில் இந்தியாவுக்கான கோடுகளையும் இறக்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இதற்கு இன்னொரு பின்னணி. 2017ல் புதிய அரசு வந்தபோது, அரசு இணையதளங்களில் இருந்து காலநிலைத் தரவுகள் நீக்கப்பட்டுவிடுமோ என்ற பயம் விஞ்ஞானிகளிடையே இருந்தது. சர்வர்களில் இருப்பதைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்த ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் அனகோர்டஸ் ஊரில் சில நண்பர்கள் பாதி விளையாட்டாகப் பேசிக்கொண்டார்கள்: பழங்காலத்தில் களிமண் பலகையில் எழுதி வைத்தது போல, அழிக்க முடியாத எதிலாவது எழுதி வைத்தால் என்ன? பிறந்தது 'டெம்பெஸ்ட்ரி புராஜெக்ட்'. ஓர் ஊர், ஓர் ஆண்டு, ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலைக்கு ஒரு வரிசை, கீழே ஜனவரி, மேலே டிசம்பர். எல்லோரும் ஒரே நிற அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அப்போதுதான் ஒருவர் பின்னிய 1950ஐயும் இன்னொருவர் பின்னிய 2016ஐயும் பக்கத்தில் தொங்கவிட்டு ஒப்பிட முடியும். அளவில் மஃப்ளர் மாதிரியே இருக்கும். கழுத்தில் போட அல்ல, சுவரில் தொங்கவிட.

சென்னைக்கு எப்படி?

அதே அளவுகோலை அப்படியே சென்னைக்கு எடுத்துவந்தால் ஏமாற்றம்தான். பனி பெய்யும் ஊர்களுக்காகப் போட்ட நிறங்களில் பாதிக்கு மேல் நமக்குத் தேவையே படாது. சென்னையில் ஜனவரி பகல் வெப்பம் சராசரியாக 30 டிகிரியை ஒட்டி, மே மாதம் 37, 38. ஆண்டு முழுக்க ஆரஞ்சும் சிவப்புமாகவே வந்தால் யாருக்குப் பொறுமை இருக்கும்?

எனவே இடைவெளியைச் சுருக்க வேண்டும். 28 டிகிரிக்குக் கீழே ஒரு நிறம், பிறகு இரண்டிரண்டு டிகிரிக்கு ஒன்று, 40ஐத் தாண்டினால் தனி நிறம் என்று வைத்தால் மொத்தம் எட்டு. வடகிழக்குப் பருவமழை நாட்கள் நீலமாகத் தனித்து நிற்கும். 45 டிகிரி தொட்ட 2003 மே 31 மாதிரி ஒரு நாள் வந்தால் அதற்கென்றே ஒரு நூலை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். தினசரி அளவை இந்திய வானிலை ஆய்வு மையம் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று தனித்தனியாக வெளியிடுகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே வருஷம் முழுக்கப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதியில் மாற்றினால் கணக்கு கெட்டுவிடும்.

நாளுக்கு இரண்டு வரிசை, 365 நாள், மொத்தம் 730 வரிசை. இந்தக் கனத்து நூலில் கார்ட்டர் ஸ்டிட்ச் 10 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 36 வரிசை வரும். ஆக இரண்டு மீட்டர் நீளம். கச்சிதமான மஃப்ளர்! வேலை நாட்களை மட்டும் எடுத்தால் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு; அதுவும் கழுத்துக்குப் போதும்.

வெயிலும் ரயிலும்தான் என்றில்லை. இரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், ஆபீஸை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், ரூட் பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நின்றீர்கள், எதை வேண்டுமானாலும் பின்னலாம். ஒரே நிபந்தனை: நிறத்துக்கான விதியை முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும். மார்ச் மாதத்தில் "இந்த அளவு லேட்டெல்லாம் லேட்டா" என்று விதியைத் தளர்த்தினால் பிறகு அது பதிவு ஆகாது.

'சென்னையில் கம்பளி மஃப்ளரை யார் போடுவது' என்ற கேள்வி நியாயமானது. ஏசியை 18ல் வைத்துவிட்டுப் போகும் ஆபீஸ்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதற்கு விடை தெரியும். மற்றபடி ஊட்டி, கொடைக்கானல் பயணம், டொரோன்டோவில் படிக்கும் தம்பி என்று ஏதாவது ஒரு கழுத்து கிடைக்காமல் போகாது.

எங்கே தப்பும்?

36 கண்ணியோடு ஆரம்பித்தது, இருபதாவது வரிசையில் 41 ஆகியிருக்கும். அநேகமாக எல்லோருக்கும் நடப்பது இது. வரிசையின் தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போய்விட்டால், முதல் கண்ணி இழுபட்டு இரண்டு கண்ணி மாதிரி தெரியும். இரண்டையும் தனித்தனியாகப் பின்னிவிடுவோம். மஃப்ளர் முக்கோணமாக விரியத் தொடங்கும். ஒவ்வொரு வரிசை தொடங்கும்போதும் நூல் ஊசிக்குக் கீழே பின்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு வரிசைக்கு ஒருமுறை எண்ணுங்கள்.

அடுத்தது இறுக்கம். பயத்தில் நூலை இறுக்கிப் பிடித்தால் கண்ணிக்குள் ஊசி நுழையாது, மணிக்கட்டு வலிக்கும். தளர்த்திப் பிடியுங்கள். முதல் பத்து சென்டிமீட்டர் அசிங்கமாகத்தான் வரும். கோடு போட்ட மஃப்ளரில் அது பெரிதாகக் கண்ணில் படாது. பார்ப்பவர் கண் நிறத்தைத்தான் தேடும், கண்ணியை அல்ல. புதியவர்களுக்கு ஒற்றை நிறத்தைவிட கோடுகள் நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நூல் பந்தின் லேபிளை எறிந்துவிட வேண்டாம். அதில் சாய எண் ஒன்று அச்சிட்டிருக்கும். ஒரே நிறம் ஆனாலும் வேறு தடவை சாயம் போட்ட நூல் ஒரு பிடி வெளிறியோ கறுத்தோ இருக்கும். அதிகம் செலவாகும் நிறத்தை ஒரே எண்ணில் மொத்தமாக வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். சிவப்பையும் வெள்ளையையும் அடுத்தடுத்து வைப்பதாக இருந்தால், சிவப்பு நூலில் ஒரு துண்டை நனைத்து வெள்ளை டிஷ்யூவில் ஒற்றிப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூல் வேண்டாம். கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் ரோமங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மஃப்ளர் சுருங்கித் தடித்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தரையில் விரித்துக் காயப்போட வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீளும்.

எவ்வளவு நேரம் ஆகும்? 36 கண்ணி, 160 சென்டிமீட்டர் நீளம் என்றால் ஏறக்குறைய 20,700 கண்ணிகள். கை பழகாத ஒருவர் நிமிஷத்துக்கு 20 கண்ணி போடுவார் என்று வைத்தால் 17 மணி நேரத்துக்கு மேல். ஒரு வார இறுதியில் முடியாது. ஆனால் தினமும் இரண்டு வரிசை என்றால் நான்கு நிமிஷத்துக்கும் குறைவு. பல் தேய்க்க ஆகும் நேரம்.

கடைசி வரிசை முடிந்ததும் கண்ணிகளை மூட வேண்டும். இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேலாகத் தாண்டவிட்டு ஊசியில் இருந்து இறக்குங்கள். இன்னொன்று பின்னி, மறுபடி தாண்டவிடுங்கள். ஒரே ஒரு கண்ணி மிஞ்சும்போது நூலை வெட்டி அதன் வழியாக இழுத்துவிட்டால் முடிச்சு.

இன்னும் எழுந்துவிட வேண்டாம். ஓரத்தில் தொங்கும் வால்கள் இருக்கின்றன. வெட்டி வெட்டி நிறம் மாற்றியிருந்தால் மாற்றிய இடத்துக்கு இரண்டு வால். மழுங்கின ஊசியில் ஒவ்வொன்றையும் கோத்து, அதே நிறக் கோட்டுக்குள் ஐந்தாறு கண்ணி தூரம் நுழைத்து, திரும்ப ஒரு தடவை எதிர்ப்பக்கம் இழுத்து, ஒட்ட வெட்ட வேண்டும். பத்து வரிசைக்கு ஒருமுறை இதை அப்போதைக்கப்போதே முடித்துவிடுவது நல்லது. வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்தால் டிசம்பர் 31 ராத்திரி நூற்றுக்கணக்கான வால்களோடு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.